உறுமி கேட்ட மகளுக்கு

சுங்கை சிப்புட், மலேசியா,
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

போன வாரம் போனில் பேசும்போது இங்கே வீட்டில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு உன் காதில் விழுந்து, "யாருப்பா அது பாடுறது?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் உன் வரிசை நகர ஆரம்பித்துவிட்டது. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாய். அது இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை பாப்பா. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தினமும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் பாலத்தைக் கடக்க நெரிசலில் நிற்கிற உனக்கும் காதில் போட்டுக்கொள்ள ஏதாவது வேண்டும்தானே. ஆனால் பாட்டுகளை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள். பாதிப் பாலத்தில் லைன் மாறினால் பாட்டு அறுந்துபோகிறது என்று நீதான் சொன்னாய்.

அன்று ஓடியது தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற சென்னைக் குழு. பாடிய பெண் இசைவாணி.

நான் இந்தப் பாட்டுகளுக்குள் வந்த கதையை முதலில் சொல்கிறேன். 2020 மார்ச்சில் நாட்டையே பூட்டினார்கள் அல்லவா. மறு வருஷம் தைப்பூசத்துக்குக் காவடியும் இல்லை, உறுமி மேளமும் இல்லை. பதினெட்டு வயதிலிருந்து ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்கு மேளத்தோடு போய் வந்தவன் நான். அந்த வருஷம் உறுமி சுவரிலேயே தொங்கியது. ஒரு நாள் சாயந்திரம் உன் பெரியப்பா மகன் வந்து டிவியில் யூடியூபைப் போட்டு, "சித்தப்பா, இதைக் கேளுங்க" என்றான். தீயும் அறிவும் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி'. அப்போதுதான் வந்த பாட்டு, 2021 மார்ச்.

அதில் ஒரு கிழவியை அரியணையில் உட்கார வைத்திருப்பார்கள். அவர்தான் அறிவின் பாட்டி, வள்ளியம்மாள். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்துவிட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்பிய குடும்பம். அவர் சொன்ன கதைகளிலிருந்துதான் பாட்டு பிறந்தது. நான் டிவிக்கு முன்னால் நின்றபடியே கேட்டேன். உன் பாட்டி விடியாத நேரத்தில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர்த் தோட்டத்துப் பால்மரத்துக்குப் போனவள். காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் பால் வாளி, தோளில் காய்ப்புக் காய்த்திருக்கும். மரம் சீவும்போது வாய்க்குள்ளேயே ஒரு ராகம் இழுப்பாள். பாட்டா அழுகையா என்று சின்ன வயதில் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அந்த இழுப்பு அந்தப் பாட்டில் இருந்தது. அவளுக்கு யாரும் நாற்காலி போட்டுக்கூட உட்கார வைத்ததில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நின்றே காலம் போனது.

அன்றிலிருந்து தேட ஆரம்பித்தேன். நான் தேடுகிற முறை சுலபம். ஒரு பாட்டு பிடித்துவிட்டால் பாடியவரை மட்டும் பார்க்காதே. மேளம் யார், கித்தார் யார், ஒலிப்பதிவு யார் என்று வீடியோவுக்குக் கீழே எழுதியிருப்பதைப் படி. அதில் ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு, அவர் வேறு எங்கே வாசித்திருக்கிறார் என்று போ. உறுமிக் குழுவிலும் அப்படித்தானே? ஒரு குழுவில் நல்ல தவில்காரர் இருந்தால், அவர் பழகிய குழுவும் நன்றாகத்தான் இருக்கும்.

அறிவைப் பிடித்துப் போனால் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் வரும். இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. 2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை, பத்தொன்பது பேர். 'சாதியில்லாத் தமிழர்' என்று நூறு வருஷத்துக்கு முன்னாலேயே பேசிய அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து எடுத்த பெயர். பறை, சட்டி மேளம், டோலக்கோடு கித்தாரும் டிரம்ஸும் இருக்கும். கானா என்பது சென்னையில் சாவு வீட்டில் ராத்திரி முழுக்க ஆண்கள் உட்கார்ந்து பாடுவது. அதைப் பாட வந்த பெண் இசைவாணி. 2020இல் பிபிசி உலகம் முழுக்கத் தேர்ந்தெடுத்த நூறு பெண்களில் அவரும் ஒருவர். அவர் குரலில் கெஞ்சல் கிடையாது, குழைவு கிடையாது. நேராக வந்து முன்னால் நிற்கும். முதலில் அவரைக் கேள்.

டென்மா என்ற பெயரைப் பிடித்துப் போனால் குரங்கன் என்ற குழு. அதில் பாடுகிறவர் கபேர் வாசுகி. அவர் தனியாகப் பாடியதையும் தேடு. ஒரு கித்தார், ஒரு குரல், பேச்சுத் தமிழ், பல பாட்டுகளில் அவ்வளவுதான். ராத்திரி வேலை முடிந்து லோரியை நிறுத்திவிட்டு இன்ஜின் சூடு ஆறும்வரை ஸ்டியரிங்கிலேயே சாய்ந்துகொண்டு கேட்பேன். பக்கத்து சீட்டில் ஒருத்தர் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். களைத்துப்போய் வீட்டுக்குத் திரும்புகிற நேரத்துக்கு இவரை வைத்துக்கொள்.

காலையில் போகும்போது லா பொங்கல். அந்தோணி தாசன், தர்புகா சிவா, பிரதீப் குமார் எல்லாம் இருந்த நாட்டுப்புறப் பாட்டுக் குழு. அந்தோணி தாசன் தஞ்சாவூர்க்காரர், கரகாட்டக் குழுக்களோடு ஊர் ஊராய்ப் போய் வளர்ந்தவர். வெட்ட வெளியில் மைக் இல்லாமல் பாடிப் பழகிய தொண்டை எப்படி இருக்கும் என்று அவரைக் கேட்டால் தெரிந்துவிடும்.

ஒன்று சொல்லவேண்டும். பழைய கிராமத்துப் பாட்டை எடுத்து மேலே நாலு கித்தார் தூவி விற்கிற குழுக்களும் நிறைய வந்துவிட்டன. எனக்கு அவை ஒட்டவில்லை. மேளம் எங்கே நிற்கிறது என்று கேட்டுப் பார். பறையோ உறுமியோ பின்னால் அலங்காரத்துக்கு ஒலித்தால் நான் அடுத்ததற்குப் போய்விடுவேன். மேளம் நடத்திப் போகிற இடத்துக்குக் கித்தார் பின்னால் வந்தால் அது நல்ல குழு.

தமிழ் இல்லாத பாட்டும் கேட்கிறேன். டெல்லியில் 1990இல் தொடங்கிய இந்தியன் ஓஷன் என்ற குழு. அதில் அசீம் சக்ரவர்த்தி என்பவர் தபலா வாசித்துக்கொண்டே பாடுவார். இரண்டு கையும் ஓடிக்கொண்டிருக்க வாய் வேறு தாளத்தில் போகும். மேளம் பிடித்தவனுக்குத்தான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். 2009 கிறிஸ்துமஸ் அன்று இறந்துபோனார். 2000இல் அவர்கள் போட்ட 'கண்டிசா' என்ற பாட்டு, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய அராமிய வழிபாட்டுப் பாட்டு. ஒரு வார்த்தை புரியாது. உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டாள். கேரளத்திலிருந்து அவியல் என்று இன்னொரு குழுவும் இருக்கிறது, மலையாளத்தில் ராக். சத்தம் கொஞ்சம் அதிகம். உனக்குப் பிடிக்கலாம்.

நம் நாட்டை விட்டுவிடக் கூடாது. அலிகேட்ஸ் குழுவை உனக்குத் தெரியும், வீட்டில் கேசட் தேயத் தேய ஓடியது. பினாங்குத் தமிழர்கள், அண்ணன் தம்பி இருவர் முன்னால் நின்று மலாய்ப் பாட்டுப் பாடி நாட்டையே கேட்க வைத்தார்கள். அந்த இருவரில் லோகநாதன் 2007இல் இறந்துபோனார். சரவாக் மாநிலத்து மீரியில் பிறந்த ஸீ ஆவி என்ற பெண்ணைத் தேடு. உக்குலேலேவை வைத்துக்கொண்டு பாடுவார். 2007இல் ஒரு நண்பருக்குக் காட்டுவதற்காக யூடியூபில் ஒரு பாட்டை ஏற்றிவைத்தார். அது கைமாறிக் கைமாறி, 2009இல் அமெரிக்காவில் அவர் ஆல்பம் வெளிவந்தது.

அப்புறம் அலீனா முராங். சரவாக்கின் கெலாபிட் பழங்குடிப் பெண். சாப்பே என்ற கருவி வாசிக்கிறார். ஒரே மரத்தைக் குடைந்து படகு மாதிரி செய்தது, மேலே தந்தி. மேத்யூ ஙாவ் என்ற பெரிய கலைஞரிடம் கற்றவர், கெலாபிட் மொழியிலும், சரவாக்கின் இன்னொரு பழங்குடியான கென்யா மக்களின் மொழியிலும் பாடுகிறார். சாப்பே வழிவழியாக ஆண்கள் வாசித்த கருவி. அவருக்கு அதைக் கொடுக்க ஒரு ஆசான் இருந்தார்.

இந்த இடத்துக்கு வரத்தான் இவ்வளவும் எழுதினேனோ என்னவோ.

உனக்கு ஒன்பது வயது. மாரியம்மன் கோயில் பந்தலில் தீமிதிக்காகப் பழகிக்கொண்டிருந்தோம். மழை பெய்து ஓய்ந்திருந்ததால் தோல் தொய்ந்துவிட்டது. தப்பு மேளங்களைத் தென்னஓலைத் தீயில் காட்டிக் காய வைத்துக்கொண்டிருந்தார்கள். உறுமியைப் பெஞ்சில் வைத்துவிட்டு நானும் தீப்பக்கம் போயிருந்தேன். உறுமியில் ஒரு தலையை அடிப்போம், மற்றத் தலையை வளைகுச்சியால் தேய்ப்போம். குச்சி தோலில் வழுக்கவும் கூடாது, ஒட்டிக்கொள்ளவும் கூடாது. பிடித்துப் பிடித்து விட்டால்தான் அந்த முனகல் வரும். பெரிய பையன்களுக்கே அது கைக்கு வர மாதக்கணக்காகும். பின்னால் திடீரென்று உறுமி முனகியது. திரும்பினால் நீ பெஞ்சுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தாய். முதல் இழுப்பிலேயே சத்தம் வந்துவிட்டது.

பெரியவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். நான் வந்து உன் கையிலிருந்து குச்சியை வாங்கி, "ஆம்பளைப் பிள்ளைங்க வாசிக்கிறதும்மா" என்றேன். நீ அழவில்லை. "எனக்கும் ஒண்ணு வாங்கித் தாங்கப்பா" என்று வீட்டுக்கு நடக்கும்போது ஒரே ஒரு தடவை கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நீ பந்தல் பக்கம் வரவே இல்லை. பெரியவளானதும் உறுமிச் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்துவாய். படித்த பிள்ளைக்கு இது கௌரவக் குறைச்சலாகத் தெரிகிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் திண்டுக்கல் சக்தி கலைக்குழு ஆடுகிற வீடியோ ஒன்றைப் பார்த்தேன். எல்லாம் பெண்கள். இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரே அடியாய் அடித்து ஆடுகிறார்கள். கால் தவறவில்லை, அடி தவறவில்லை. அதில் ஒரு பெண் நாக்கைக் கடித்துக்கொண்டு அடித்தாள். நான் டிவியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். நான் செய்தது தப்பு பாப்பா. யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பார்த்தவர்கள் ஏதாவது சொல்வார்களோ என்று நானாகத்தான் உன் கையிலிருந்து குச்சியை வாங்கினேன்.

சரி. கேட்டுவிட்டு எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று எனக்கு எழுது. அப்பா சொன்னார் என்பதற்காக நல்லா இருக்கு என்று சொல்லாதே. பிடித்த குழுவின் பாட்டு பேண்ட்கேம்ப் என்ற பாட்டு விற்கிற இணையதளத்தில் இருந்தால் அங்கேயே காசு கொடுத்து வாங்கு. பதினைந்து விழுக்காடுதான் அவர்கள் எடுத்துக்கொள்கிறார்களாம், பெரும்பங்கு பாடினவர்களுக்குப் போகிறது. மேளம் வாசித்துவிட்டு வெறும் சாப்பாட்டோடு திரும்பிய ராத்திரிகள் எனக்கு நிறைய உண்டு.

கூச்சிங்கில் 1998இலிருந்து மழைக்காட்டு உலக இசை விழா நடக்கிறது, சந்துபோங் மலையடியில். சாப்பே வாசிப்பவர்களை அங்கே நேரில் கேட்கலாம். ஜொகூரிலிருந்து விமானம் இருக்கிறதே, உன் லீவைப் பார்த்துச் சொல். நான் ராத்திரி பஸ் பிடித்து உன்னிடம் வந்துவிடுகிறேன்.

தீபாவளிக்கு வரும்போது நாலு நாளாவது தங்குகிற மாதிரி வா. உறுமிக்குப் புதுத் தோல் போட்டாயிற்று. பழைய வளைகுச்சி என் கைக்குச் செய்தது, உனக்குப் பெரிதாக இருக்கும். அதனால் ஒன்று புதிதாக வளைத்துக் கட்டிக் காயப் போட்டிருக்கிறேன். உன் அம்மாவின் கையை அளந்து பார்த்துத்தான் வெட்டினேன், உன் கையும் அந்த அளவுதானே.

அன்புடன்,
அப்பா