பழி மட்டும் மருமகள் தலையில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியைப் பற்றி உங்கள் வாசகர் பக்கத்தில் வரும் கடிதங்களைத் தொடர்ந்து படிக்கிறேன். காதல் தோல்வி, சேர்க்கை சரியில்லை, வளர்ப்பு சரியில்லை, வீட்டில் நிம்மதி இல்லை என்று ஆளுக்கொரு காரணம் எழுதுகிறார்கள். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்த காலம் முழுக்க இதே காரணங்களைக் கேட்டவள் நான். ஓய்வு பெற்று இப்போது காரைக்குடியில் இருக்கிறேன். ஒரே வேளையில் அளவு மீறிக் குடித்துவிட்டு விழுந்து கிடப்பதற்கு இவை சரியான விளக்கம் இல்லை என்று எனக்குப் படுகிறது.

முதலில் அளவைப் பார்ப்போம். ஒரே வேளையில் 60 கிராமோ அதற்கு மேலோ சுத்த ஆல்கஹால் உள்ளே போனால் அதை மிதமிஞ்சிய குடி என்கிறது உலக சுகாதார நிறுவனம். 180 மில்லி குவார்ட்டரில் ஆல்கஹால் கொள்ளளவில் 42.8 சதவீதம், அதாவது சுமார் 77 மில்லி. ஆல்கஹால் தண்ணீரைவிட லேசு என்பதால் எடைக்கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட அதே 60 கிராம் வருகிறது. 'ஒரு குவார்ட்டர்தானே' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அதுவே எல்லையைத் தொட்டுவிடுகிறது. கல்லீரல் மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். ராத்திரி பத்து மணிக்குக் கடை மூடும் நேரத்தில் வாங்கி ஊற்றிக்கொண்டவர், விடிகாலை நாலு மணிக்கு லோடு வண்டியை எடுக்கும்போது அது முழுசாக இறங்கியிருக்காது. தூங்கி எழுந்தாச்சு, தெளிஞ்சிருச்சு என்று அவரும் நம்புகிறார், கூட ஏறுகிறவர்களும் நம்புகிறார்கள்.

எங்கள் பக்கம் அதிகம் சொல்லும் காரணம் உடம்பு வலி. புதுவயல் அரிசி ஆலைகளில் மூட்டை தூக்குகிறவர், கொத்தனார், கல்யாண வீட்டில் விடிய விடிய அடுப்பு முன்னால் நிற்கிற சமையல்காரர் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். வலி பொய்யில்லை. ஆனால் இவர்களில் எத்தனையோ பேர் தைப்பூசத்துக்கு மாலை போட்டுக்கொண்டு குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கிறார்கள். பாதம் கொப்புளித்து, தொடை இழுத்துப் பிடித்தாலும் ஒரு சொட்டு தொடுவதில்லை. மாலையைக் கழற்றிய அன்று ராத்திரி, விட்டதற்கெல்லாம் சேர்த்துக் குடிக்கிறார்கள். உடம்பு வலிதான் காரணம் என்றால் நடக்கும்போதல்லவா குடித்திருக்க வேண்டும்? (தினமும் குடித்துக் கை நடுங்கும் நிலைக்கு வந்துவிட்டவர்களின் சங்கதி வேறு. அவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறிப் பிதற்றலாம். டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் மாலை போட வேண்டும்.)

சனிக்கிழமை சாயங்காலம், வாரக் கூலி கைக்கு வந்ததும் கடைப் பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும். ஒரு குவார்ட்டர், ஒரு தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் டம்ளர், ஊறுகாய்ப் பொட்டலம். மத்தியானம் சாப்பிட்டதோடு வயிறு காலி. தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று சுவரோரம் நின்றபடியே இரண்டு மடக்கில் முடித்துவிடுகிறார்கள். கட்டிங் போடக் கூட்டாளி கிடைக்காவிட்டால் முழு பாட்டிலும் ஒருவர் வயிற்றுக்குள்தான். பெரும்பாலும் கையில் கிடைக்கிற சின்ன பாட்டில் அதுதானே. அங்கே நிற்கிறவர்களில் காதலில் தோற்றவர் எத்தனை பேர் இருப்பார்கள்? கையில் காசு, பக்கத்தில் கடை, ஊற்றிக் கொடுக்க நாலு பேர், மறுநாள் வேலை இல்லை. இவ்வளவும் ஒரே நேரத்தில் கூடிவருகிறது. கிடாவெட்டிலும் கேத வீட்டிலும், சிங்கப்பூரிலிருந்து வந்த தம்பி கொடுக்கும் பார்ட்டியிலும் இதே கதைதான். ஃபாரின் சரக்கு உடம்பைக் கெடுக்காது என்று அங்கே ஒருவர் தைரியம் சொல்வார். உள்ளே இருப்பது அதே ஆல்கஹால்தான் என்று அவருக்கு யார் சொல்வது?

அப்பன் குடிச்சான், மகனும் குடிக்கிறான் என்பதில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. குடிக்கு அடிமையாகும் வாய்ப்பில் பாதி அளவு பரம்பரை என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. மீதிப் பாதி நம் கையில் இருக்கிறது என்பதை ஏனோ யாரும் பேசுவதில்லை.

இந்தக் காரணங்களில் எனக்கு ஆத்திரம் வருவது ஒன்றில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, நினைவில்லாத ஒருவரைக் கொண்டு வந்தார்கள். சட்டையெல்லாம் வாந்தி. கட்டிலின் அந்தப் பக்கம் அவருடைய தாய், இந்தப் பக்கம் மனைவி. "இவ வீட்ல நிம்மதியா வச்சிருந்தா எம் மகன் ஏன் தாயி இப்படிக் குடிக்கப் போறான்?" என்றார் அந்தம்மா என்னிடம். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி முழுக்க அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, எடுத்த வாந்தியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவள்தான். மல்லாக்கப் போட்டிருந்தால் வாந்தி மூச்சுக்குழாயில் போய் உயிரே போயிருக்கும். எத்தனை குவார்ட்டர், எவ்வளவு நேரத்தில், சாப்பிட்டாரா என்று அவரோடு குடித்த யாரையும் அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

2016-ல் கடை திறக்கும் நேரத்தைக் காலை 10 மணியிலிருந்து பகல் 12-க்குத் தள்ளினார்கள், 500 கடைகளை மூடினார்கள். 2023-ல் மறுபடி 500. இன்னும் செய்ய வேண்டும். ஆனால் அரசாங்கத்துக்காகக் காத்திருக்காமல் நாமே செய்யக்கூடியதும் உண்டு. ஆலை முதலாளிகள் கூலியைச் சனிக்கிழமை சாயங்காலம் கொடுக்காமல் வேலை நாள் ஒன்றின் மத்தியானத்தில் கொடுக்கலாம். கிடாவெட்டு வீட்டார் முதலில் இலையைப் போடலாம். நினைவில்லாமல் கிடப்பவரைத் தூங்கட்டும் என்று விட்டுவிடாமல் 108-ஐக் கூப்பிடலாம்.

குடியை விட நினைப்பவரும் அவர் வீட்டாரும் 14416-இல் இலவசமாக மனநல ஆலோசனை கேட்கலாம். இந்த எண்ணை அடுத்த இதழில் கொட்டை எழுத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
காரைக்குடி.