மனிதனை உச்சாணிக் கிளையிலிருந்து இறக்குங்கள்: அறிவியல் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பரிணாமப் பாடத்துக்குப் போடப்படும் மரப் படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். அடியில் ஒரு செல் உயிரி, நடுவில் மீன், தவளை, மேலே குரங்கு, உச்சாணிக் கிளையில் மனிதன். இதைப் பார்க்கிற பிள்ளை "குரங்குதான் மனுஷனாச்சுன்னா இன்னும் ஏன் சார் குரங்கு இருக்கு?" என்று கேட்டால் தப்பு பிள்ளைமேல் இல்லை. மரம் என்று சொல்லி ஏணியை வரைந்து வைத்திருக்கிறோம்.

இது பழைய வழக்கம்தான். அமெரிக்கப் புவியியலாளர் எட்வர்ட் ஹிட்ச்காக் 1840-இல் தன் பாடநூலில் தாவரத்துக்கு ஒன்று, விலங்குக்கு ஒன்று என இரண்டு மரம் வரைந்து, விலங்கு மரத்தின் உச்சியில் மனிதனுக்கு நிஜமாகவே கிரீடம் வைத்தார் (தாவரத்தில் அந்த மரியாதை பனைக் குடும்பத்துக்கு!). அவர் பரிணாமத்தையே ஏற்காதவர். டார்வினின் தீவிர ஆதரவாளரான எர்ன்ஸ்ட் ஹெக்கலோ 1874-இல், பட்டையெல்லாம் தெரிகிற தடித்த மரம் ஒன்றை வரைந்து, அதே உச்சியில் அதே மனிதனை உட்காரவைத்தார். கொள்கை நேர் எதிர், ஆசனம் மட்டும் மாறவில்லை.

டார்வின் வரைந்ததைப் பாருங்கள். 1837-இல் தொடங்கிய குறிப்பேட்டின் 36-ஆம் பக்கத்தில் 'நான் நினைக்கிறேன்' என்று எழுதிவிட்டு, கீழே கோணல்மாணலாக ஒரு கிளைப் படம். சில நுனிகளில் மட்டும் சின்னதாகக் குறுக்குக்கோடு, அவை இன்று வாழ்பவை, கோடில்லாமல் மொட்டையாக நிற்பவை அழிந்துபோனவை. 1859-இல் வந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் இருக்கிற ஒரே படமும் கிளைப் படம்தான்: கீழே 11 இனங்கள், வெறும் எழுத்துகள், காலத்தைக் காட்ட 14 கிடைக்கோடுகள். பெரும்பாலானவை வழியிலேயே நின்றுபோக, 'எஃப்' என்ற ஒன்று ஏறக்குறைய மாறாமலே கடைசிக் கோடுவரை போய்ச் சேர்கிறது. மனிதன் அதில் எங்குமே இல்லை.

சரி, என்ன செய்யலாம்? இன்று வாழும் எல்லா உயிர்களின் நுனியையும், பாக்டீரியா உட்பட, ஒரே மட்டத்தில் வையுங்கள். மனிதனை ஓரமாகவோ நடுவிலோ எங்கு வேண்டுமானாலும் போடலாம், கிளைகளைத் திருப்பிப் போட்டாலும் உறவு மாறாது. அழிந்த கிளைகளைப் பாதியில் நிறுத்திக் காட்டுங்கள். அப்புறம், தேர்வில் 'படம் வரைந்து பாகங்களைக் குறி' என்று கேட்பதை விட்டுவிட்டு, சிம்பன்சியும் மனிதனும் பிரிகிற புள்ளியைக் காட்டி, அங்கே இருந்தது சிம்பன்சியா, மனிதனா, இரண்டும் இல்லையா என்று கேளுங்கள்.