கடைசியில் வருபவருக்கு மிச்சக் கட்டிலா?

ஆசிரியருக்கு,

பொறியியல் கல்லூரி விடுதிகளில் முதலாண்டு மாணவர்களுக்கு அறை ஒதுக்குவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். புதியவர்களைக் கூடுமானவரை தனிக் கட்டடத்தில் தங்கவைக்க வேண்டும் என்கின்றன பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு ராகிங் தடுப்பு விதிமுறைகள். சரி, மூத்தவர்களிடமிருந்து பாதுகாப்பு. அந்தக் கட்டடத்துக்குள் யார் யாரோடு தங்குவது? பல இடங்களில் கட்டணம் கட்டிய வரிசைதான் அதைத் தீர்மானிக்கிறது. ஒரே பள்ளியில் படித்தவர்கள் சேர்ந்து வந்து, சேர்ந்தே அறை எடுத்துக்கொள்கிறார்கள். கலந்தாய்வின் கடைசிச் சுற்றில் இடம் கிடைத்து, கல்விக் கடனுக்காக வங்கிக்கு அலைந்துவிட்டு வருபவருக்கு மிஞ்சுவது கதவோரக் கட்டில்.

என் மகள் அப்படிச் சேர்ந்தவள். ஒரே பள்ளித் தோழிகள் மூவர் இருந்த அறையில் நான்காவது ஆள். யாரும் அவளைத் துன்புறுத்தவில்லை. அதிகம் பேசவும் இல்லை. விளக்கை எப்போது அணைப்பது என்பதுகூட மூன்றுக்கு ஒன்று என்றே முடிவாகும். ஆயுத பூஜை விடுமுறைக்கு வந்தவள், பெட்டியை முழுசாகக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வார்டனிடம் கேட்டால், "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார். சேர்க்கை முடிந்தபின் குலுக்கல் முறையில் அறை ஒதுக்கலாம். ஓர் அறையில் ஒரே பள்ளிக்காரர்கள் இருவருக்கு மேல் வேண்டாம். தூங்கும் நேரத்தை விண்ணப்பத்திலேயே கேட்டுவிடலாம். அப்புறம், முதல் மாத முடிவில் காரணம் கேட்காமல் ஒருமுறை அறை மாற அனுமதிக்கலாம்.

- ஒரு பெற்றோர், விருதுநகர்