94 சென்ரிமீற்றர் கதவு

ஹட்டன்
ஞாயிறு மாலை

அன்பு மச்சான்,

உன் கடிதம் போன கிழமையே வந்துவிட்டது. இங்கே ஒரே மழை, கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது, அதனால்தான் தாமதம். வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை.

மஸ்கட்டில் மறுபடியும் ட்ரோயிங் ஒபிஸில் உட்கார்ந்துவிட்டாய் என்றதும் சிரிப்பு வந்தது. "இனி மவுஸைத் தொடமாட்டேன்" என்று கொழும்பில் சத்தியம் செய்தவன் நீதானே! வருகிற வேலை எல்லாம் பிடிஎப், பிளான் கீறும் ஆட்டோகேட்டுக்குள் எடுத்தால் எழுத்தெல்லாம் கோடாகிறது என்று எழுதியிருந்தாய். அதே சனியன் இங்கேயும்தான். என் கதையைக் கேள்.

கொட்டகலைப் பக்கம் ஒரு டீச்சர். லயத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது 7 பேர்ச் காணியில் சொந்த வீடு. பின்பக்கம் ஒரு அறை சேர்க்க வேண்டுமாம். பழைய பிளானின் பிடிஎப் மட்டும் ஃபோனில் இருக்கிறது. வரைந்தவர் எங்கோ வெளிநாடு போய்விட்டார், மூலப் படம் கிடைக்கவில்லை. உனக்குத் தெரியும், 2017 பதிப்புக்கு முன் பிடிஎப்பை அடியில் விரித்துவைத்து மேலே திரும்ப வரைவதுதான் வழி. இப்போது பிடிஎப்பைக் கோடுகளாகவே உள்ளே எடுக்கும் பிடிஎப் இம்போர்ட் இருக்கிறதே என்று நானும் அழுத்தினேன்.

வந்தது. சுவரெல்லாம் கோடுகளாக வந்தன, கையால் நகர்த்தலாம். ஆனால் ஒரே துண்டாக நகர வேண்டிய கதவு, ஜன்னல் பிளொக் எல்லாம் உடைந்து சில்லுச்சில்லாக இருந்தன. அளவுக்கோடு என்று ஒன்று இல்லை, கோடு தனி, அம்பு தனி, எண் தனி. ஆங்கில எழுத்துகள் எஸ்எச்எக்ஸ் என்ற ஆட்டோகேட்டின் கோட்டு எழுத்துருவில் இருந்ததால் குட்டிக் குட்டிக் கோடுகளாகிவிட்டன. உன் எழுத்துகளுக்கும் அதே நோய்தான். அந்த எழுத்துருவை ஆட்டோகேட் எழுத்தாக அச்சிடுவதில்லை, கோடாகக் கீறித்தான் அச்சிடுகிறது. அதற்கு பிடிஎப் எஸ்எச்எக்ஸ் டெக்ஸ்ட் என்ற கட்டளை இருக்கிறது. எந்த எழுத்துரு என்று செட்டிங்கில் முதலில் காட்டிக்கொடு, அப்புறம் கோடுகளைத் தெரிவு செய், எழுத்தாக மாற்றித்தரும். ரோமன்ஸ், சிம்ப்ளெக்ஸ் இரண்டையும் முயன்று பார். ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரட்டைக் கோடுகளை ஓவர்கில் என்ற கட்டளை தின்றுவிடும்.

தமிழ் எழுத்துக் கூத்து வேறு. டீச்சரின் அப்பா வாசிக்கட்டும் என்று அறைப் பெயர்களைத் தமிழில் போட்டிருந்தார்கள், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழைக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில். என் கம்பியூட்டரில் சமையலறை இருந்த இடத்தில் ஆர், ஐ, கே, ஏ, வை, ஐ, டபிள்யூ என்று நின்றது. ஏதோ வைரஸ் என்று நினைத்துவிட்டேன். பாமினியைப் போட்டு எழுத்துப் பாணியை மாற்றியதும் சமையலறை திரும்பி வந்தது.

இதெல்லாம் சின்ன வேலை. நான் மாட்டிக்கொண்டது அளவில். பிடிஎப் தாளின் அளவிலேயே வந்து உட்காரும், அதைப் பெரிதாக்கி உண்மை அளவுக்குக் கொண்டுவர வேண்டும். முன்சுவரில் 9.60 மீற்றர் என்று எழுதியிருந்தது. ஸ்கேல் கட்டளையில் ரெஃபரன்ஸ் எடுத்து, சுவரின் இரு முனையையும் தொட்டு 9.60 அடித்தேன். முடிந்தது என்று நினைத்து புது அறையையும் வரைந்து பிரிண்ட் கொடுத்துவிட்டேன்.

மேசன் பாஸ் பிளானைக் கையில் வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார். "தம்பி, இந்தக் கதவு என்ன அளவு?" என்றார். எழுதியிருக்கவில்லை. ஆபிஸில் போய் அளந்தேன். 94 சென்ரிமீற்றர். "மூன்றடி ஒரு அங்குலமா? அப்படி நிலை யார் செய்கிறான்?" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் டேப்போடு போனேன். வீட்டின் முன்சுவர் 9.20 தான். முதலில் வரைந்தவர் சுவரை மாற்றாமல் எண்ணை மட்டும் தட்டச்சு செய்து மாற்றியிருக்கிறார், கட்டியது 9.20 என்றாலும் அந்த எண்ணை யாரும் திருத்தவில்லை. நான் அந்தப் பொய் எண்ணைப் பிடித்து வீட்டையே ஊத வைத்துவிட்டேன். 90 சென்ரிமீற்றர் கதவு 94 ஆனது அப்படித்தான். உள்நீளம் 7.20 என்று எழுதியிருந்தது, என் படத்தில் 7.51. அதை ஒருதரம் அளந்திருந்தால் அங்கேயே பிடித்திருப்பேன். பின்பக்கம் சரிவு, தடுப்புச் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் இடமே கொஞ்சம். அதில் ஒரு அடி தப்பானால் புது அறையின் அத்திவாரம் சுவரின் காலில் போய் நிற்கும். நம் மண்ணில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பிரிண்டைத் திரும்ப வாங்கினேன். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை, பிளேன்டீ கொடுத்தார், அதுதான் கூடுதல் வெட்கம். இப்போது குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, ஒரு கதவு, மூன்றும் ஒத்துவந்தால்தான் நான் அடுத்த கோடு போடுவது. ஸ்கேன் செய்த பிளானில் இதையும் நம்பாதே, தாள் ஒரு பக்கமாக இழுபட்டிருக்கலாம். அதில் இம்போர்ட் வெறும் படத்தைத்தான் தரும், கோடு ஒன்றும் வராது.

ஆமாம், சீசனுக்கு வருவதாகச் சொன்னாயே, சிவனொளிபாதம் ஏறுவோமா? வரும்போது நல்ல ஸ்டீல் டேப் ஒன்று, 8 மீற்றர், வாங்கி வா. என்னுடையது மழையில் நனைந்து துருப்பிடித்துவிட்டது, பாதியில் சிக்குகிறது.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்