விரலுறையைக் கழற்றும் கையை நினைத்து வடிவமையுங்கள்

மருத்துவ ரப்பர் பொருள்களை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், அரசு மருத்துவமனைகளுக்காக மருந்துகளையும் கருவிகளையும் கொள்முதல் செய்யும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

நான் தருமபுரி மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தின் முற்பாதி பென்னாகரம் பக்கத்து ஊர்களிலும், பிற்பாதி சித்தேரி மலை ஊர்களிலும் கழிந்தது. இப்போது, வீடு வீடாகச் செல்லும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் ஏதேனும் கேட்டு வரும்போது மட்டும் பழைய பையைத் திறக்கிறேன். அந்தப் பையில் எந்நாளும் கிடந்த, எனக்கு ஒருநாளும் முழு நம்பிக்கை வராத ஒரு சிறு பொருளைப் பற்றியது இந்த மடல். விரலுறை என்று எழுதுகிறேன்; நாங்கள் விரல் கிளவுஸ் என்போம்.

சுருட்டி வைத்த மெல்லிய ரப்பர் குழல் அது. விரல் நுனியில் வைத்து உருட்டினால் இரண்டாம் கணு வரை ஏறிக்கொள்ளும். படுக்கைப் புண்ணைச் சுற்றிக் களிம்பு தடவ, ஆசனவாயில் மருந்து வைக்க, நினைவு தப்பிய முதியவரின் வாயை ஈரத் துணியால் துடைக்க, செவிலியரின் விரலிலேயே வெட்டுக்காயம் இருந்தால் கட்டின் மேல் போர்த்தி அதன்மேல் கையுறை அணிய என்று அதற்குப் பல வேலைகள் உண்டு. முழுக் கையுறையைவிட மலிவு, பையில் இடம் அடைக்காது, ஒரு விரலுக்கு மட்டும் தேவைப்படும் இடத்தில் மற்ற நான்கு விரல்களும் வெறுமையாக இருந்து நோயாளியைத் தாங்கிப் பிடிக்கும்.

ஓசூரில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் என் அக்கா மகள் ஒருமுறை விடுமுறைக்கு வந்தபோது, அவர்கள் அணியும் விரலுறைகள் சிலவற்றைக் கொண்டுவந்து காட்டினாள். நிறத்தைத் தவிர என் பையில் இருந்தவற்றுக்கும் அவற்றுக்கும் வேறுபாடே தெரியவில்லை. அங்கே விரலின் வியர்வையும் எண்ணெய்ப்பசையும் நுண்ணிய பாகத்தில் படக்கூடாது என்பதற்காக அணிகிறார்கள். வேலை முடிந்ததும் எப்படிப் பிய்த்து எறிந்தாலும் யாருக்கும் கேடில்லை. எங்களுடைய வேலையிலோ அழுக்கு இரு திசையிலும் கடக்கக்கூடாது. எங்கள் விரலிலிருந்து புண்ணுக்கும் போகக்கூடாது, புண்ணிலிருந்து எங்கள் விரலுக்கும் வரக்கூடாது. முதல் திசைக்காக மட்டும் எண்ணிச் செய்த வடிவத்தை இரண்டுக்கும் போதும் என்று எங்களிடம் கொடுத்துவிட்டார்கள் என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன்.

இதை வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் மலையூர் ஒன்றில், பக்கவாதத்தில் படுத்திருந்த ஒரு பெரியவரின் இடுப்புப் புண்ணைத் துடைத்துக் களிம்பு தடவி முடித்து, விரலுறையைக் கழற்ற முயன்றேன். களிம்பும் சீழும் விளிம்பு வளையம் வரை வழிந்திருந்தன. தொடாமல் கழற்றுவதற்குப் பிடிப்பே இல்லாததால் கட்டைவிரல் நகத்தால் வளையத்தை நெம்பினேன். வளையம் வழுக்கி, இழுபட்ட ரப்பர் சுள்ளென்று விடுபட, ஒரு துளி என் கண்ணோரம் தெறித்தது. "நர்சம்மா, கண்ணைக் கழுவுங்க, கண்ணைக் கழுவுங்க" என்று அந்த வீட்டு மருமகள் குடத்தோடு ஓடிவந்தாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த வாரம் அதே மருமகள் மாமனாருக்குத் தானே களிம்பு தடவ வேண்டியிருந்தபோது, விரலுறையை எப்படி அணிவது என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிக்கொடுத்த நான், எப்படிக் கழற்றுவது என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, சொல்வதற்கு ஒழுங்கான வழி எதுவும் இல்லாமல் நின்றேன்.

முழுக் கையுறையைக் கழற்ற முறை இருக்கிறது. மணிக்கட்டருகே வெளிப்புறத்தைக் கிள்ளிப் பிடித்து உள்வெளியாக உரித்து, அதை மற்றக் கையுறைக்குள் உருட்டி வைத்துக்கொண்டு, வெறும் விரலை இரண்டாவது கையுறையின் உட்புறமாக நுழைத்து அதையும் உரிக்கிறோம். மணிக்கட்டுப் பகுதி பெரும்பாலும் அழுக்குப் படாதது, அங்கே பிடிக்க இடமும் உண்டு. விரலுறையில் இந்த இரண்டும் இல்லை. அழுக்குப் படும் நுனிக்கும் பிடித்துக் கழற்ற வேண்டிய வளையத்துக்கும் இடையே சில சென்டிமீட்டர்தான் தொலைவு. கழற்றும் கையும் வெறுங்கை. கழற்றிய பின் கைகளைத் தூய்மை செய்ய வேண்டும் என்பது உண்மைதான். ஆல்கஹால் கைதேய்ப்பான் என்றால் 20 முதல் 30 நொடி, சோப்பும் நீரும் என்றால் 40 முதல் 60 நொடி என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவதைப் பயிற்சிக்குப் பயிற்சி நாங்கள் மனப்பாடமாகச் சொன்னவர்கள். ஆனால் கழுவப் போவதற்குள் அந்தக் கை முந்தானையைச் சரிசெய்திருக்கும், கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டிருக்கும்.

ஆகவே என் முதன்மையான வேண்டுகோள், விரலுறையைக் கழற்றும் முனையிலிருந்து தொடங்கி வடிவமையுங்கள் என்பதுதான். விரலின் அடிவரை வருமளவு நீளம் கூட்டி, நுனியிலிருந்து எவ்வளவு வழிந்தாலும் எட்டாத ஒரு விரற்கடை அகலத் தூய பட்டையை அடியில் விட்டுவைக்கலாம். அந்தப் பட்டையை வேறு நிறத்தில் செய்தால், பிடிக்க வேண்டிய இடம் எது என்று எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும். வளையத்தின் ஒரு பக்கத்தில் பால் பாக்கெட்டின் மூலைபோல் ஒரு சிறு காது இருந்தால், அதைப் பிடித்து இழுக்கும்போதே உறை உள்வெளியாகத் திரும்பி, அழுக்கு உள்ளே அடங்கிவிடும். காது வைப்பதற்கு அச்சை மாற்ற வேண்டியிருக்கும் என்பதை அறிவேன். அச்சுகளை முதலில் கால்சியம் நைட்ரேட் போன்ற உறைவிப்புக் கரைசலிலும் அடுத்து ரப்பர் பாலிலும் தோய்த்தெடுத்து, ஈரம் காயுமுன் விளிம்பைச் சுருட்டி வளையமாக்கி, நீரில் அலசி, சூட்டில் பதப்படுத்தும் தொழிலில் ஓர் அச்சு மாற்றம் சின்னச் செலவன்று. அது முடியாவிட்டால் நீளத்தையும் நிறப்பட்டையையுமாவது தாருங்கள். அறுவைக்கூடங்களில் உள்ளே ஒரு நிறமும் மேலே ஒரு நிறமுமாக இரட்டைக் கையுறை அணிந்து, மேலுறை கிழிந்தால் உள்நிறம் காட்டிக்கொடுக்கும்படி செய்யும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. நிறத்தை எச்சரிக்கையாகப் பயன்படுத்துவது உங்களுக்குப் புதிதன்று.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறுவைக்கூடத்துக்கு ரப்பர் கையுறை வந்த கதை பலருக்கும் தெரிந்ததே: 1889-90 குளிர்காலத்தில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், கிருமிநீக்கியான பாதரசக் குளோரைடு கரைசலில் கைநனைத்து நனைத்துத் தோல் புண்ணாகிப்போன செவிலியர் கரோலின் ஹாம்ப்டனுக்காக, அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் குட்இயர் ரப்பர் நிறுவனத்திடம் மெல்லிய கையுறை செய்துதரச் சொன்னார். (1890-லேயே அவர்கள் இருவரும் மணந்துகொண்டார்கள் என்பதைப் பயிற்சி வகுப்பில் சொன்னபோது நாங்கள் சிரித்தது நினைவிருக்கிறது.) ஒரு செவிலியரின் தோலைக் காக்கப் பிறந்த பொருள் அது. எங்கள் கைக்கு வந்த விரலுறையோ எந்த விரலுக்கும் அளவெடுக்காத ஒரே அளவு. புளி கொட்டையெடுத்தும் கேழ்வரகு அறுத்தும் காய்த்துப்போன விரல்களுடைய பெண்களும் இங்கே தன்னார்வலர்களாக வருகிறார்கள். பதினெட்டு வயதுப் பெண்ணின் ஒல்லியான விரலும் அதே பெட்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும். இறுகிய வளையம் இரத்த ஓட்டத்தைத் தடுத்து விரலை மரக்கச் செய்யும். தளர்ந்ததோ இன்னும் மோசம், உடலுக்குள் விரல் விடும் வேலையில் கழன்று உள்ளேயே தங்கிவிடும். குறைந்தது மூன்று அளவுகள் வேண்டும், அவற்றைப் பெட்டியைப் படிக்காமலே வளையத்தின் நிறத்தால் பிரித்தறியவும் முடிய வேண்டும்.

மூலப்பொருளில் என் விருப்பம் நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் பக்கம் சாய்கிறது. ரப்பர் மரத்துப் பாலில் உள்ள புரதங்கள் சிலருக்கு ஒவ்வாமை தருகின்றன; சொறி, தும்மலில் தொடங்கி மூச்சுத்திணறல் வரை போகலாம். அத்தகையவர்களில் சிலருக்கு வாழைப்பழமும் ஒத்துக்கொள்வதில்லை என்பதால், "வாழைப்பழம் தின்றால் வாய் அரிக்குமா?" என்று நோயாளிகளிடம் கேட்டுக்கொள்வது என் வழக்கமாகிவிட்டது. அணிய எளிதாக இருக்கட்டும் என்று தூவும் மாவு அந்தப் புரதத்தைக் காற்றில் சுமந்து செல்வது உள்ளிட்ட காரணங்களால், மாவு தூவிய மருத்துவக் கையுறைகளை அமெரிக்கா 2017 ஜனவரியில் தடை செய்தது. நம் விரலுறைகளிலும் மாவு வேண்டாம். ஆனால் நைட்ரைல் என்றால் ஒவ்வாமையே வராது என்று விளம்பரம் செய்யாதீர்கள். பதப்படுத்தச் சேர்க்கும் முடுக்கிகள் என்னும் வேதிப்பொருள்கள் இரண்டு நாள் கழித்துத் தோலைத் தடிக்கவைப்பதும் உண்டு.

ஒவ்வாமையைவிட எங்கள் ஊர்களில் அடிக்கடி நேர்வது வேறு. வாசலின் போன்ற பெட்ரோலிய மெழுகும் எண்ணெய்க் களிம்புகளும் பட்டால் மரப்பால் ரப்பர் சீக்கிரம் ஊறி வலுவிழக்கும். தேங்காயெண்ணெய் தொடாத வைத்தியம் எங்கள் வீடுகளில் ஏது? அடுத்தது வெயில். குளிர்ந்த, இருண்ட, உலர்ந்த இடத்தில் வைக்கவும் என்று பெட்டியில் அச்சடித்திருக்கிறீர்கள். அரூர் சாலையில் கத்திரி வெயிலில் நிற்கும் ஸ்கூட்டியின் இருக்கைப் பெட்டி எந்த வகையில் குளிர்ந்த இடம்? கையுறைகளை 70 டிகிரி செல்சியசில் ஏழு நாள் வைத்து முதுமையாக்கிப் பிறகு இழுத்துப் பார்க்கும் சோதனை தரநிலைகளில் உள்ளது. அதை விரலுறைக்கும் செய்யுங்கள். அதோடு, தன்னார்வலரின் பையில் ஒரு கோடை முழுவதும் கிடந்தவற்றையும் எடுத்து நீர் நிரப்பி ஒழுகுகிறதா என்று பாருங்கள். சுருள் சுருளாக ஒட்டிக்கொண்டு, பிரித்தால் நுனியில் ஊசிக்கண் அளவு ஓட்டையுடன் வந்தவற்றை நான் பார்த்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரிந்ததால் தப்பித்தேன்.

இவ்வளவு கேட்கும் நானே, விரலுறை எதற்குப் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நோயாளிகளின் வீட்டுக்கே சென்று மருத்துவம் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதன்பின் சர்க்கரை அளவு பார்ப்பதற்காக விரல் நுனியில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுப்பது எங்கள் ஊர்களில் திண்ணை வேலையாகிவிட்டது. அந்த வேலைக்கு விரலுறை கூடாது. குத்தும் கை, பிடிக்கும் கை, சோதனைப் பட்டையை ஏந்தும் கை எல்லாம் இரத்தத்துக்கு அருகிலேயே இருப்பதால் முழுக் கையுறைதான் வேண்டும், அதுவும் ஆளுக்கு ஒன்றாக மாற்ற வேண்டும். விரலுறை மலிவு என்பதாலேயே, கையுறை தீர்ந்த நாளில் யாராவது இதை எடுத்து மாட்டிக்கொண்டு இரத்தம் எடுக்கத் துணிவார்கள். எனவே ஒவ்வொரு விரலுறையையும் சுற்றியிருக்கும் காகித உறையின் மேலும், "இரத்தம் படும் வேலைக்கு இது உதவாது" என்று தமிழில் பெரிய எழுத்தில், படத்தோடு அச்சிடுவதைக் கொள்முதல் நிபந்தனையாகவே சேர்க்குமாறு கழகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். பெட்டியின் மேல் மட்டும் எழுதினால் போதாது. பெட்டி துணை சுகாதார நிலையத்திலேயே நின்றுவிடும், ஊருக்குள் வருவது உதிரிதான்.

உதிரியாக வரும்போது அதைச் சுற்றியிருக்கும் காகித உறையைப் பற்றியும் ஒரு யோசனை. மருத்துவமனையில் கழற்றிய கையுறை, 2016 உயிர் மருத்துவக் கழிவு விதிகளின்படி சிவப்புப் பைக்குப் போகிறது. வீட்டில் சிவப்புப் பை இல்லை. கழற்றிய விரலுறை பெரும்பாலும் வாசலில் விழுகிறது. ஆடும் கோழியும் மேயும் வாசல் அது. ஒரு கையால் பிரிக்கக்கூடியதாகவும், பிரித்த பின் அதே உறைக்குள் அழுக்கு விரலுறையைத் திரும்பப் போட்டு மடித்து ஒட்டக்கூடியதாகவும் அந்தக் காகிதத்தைச் செய்ய முடிந்தால், தன்னார்வலர் அதைப் பையில் போட்டுத் துணை சுகாதார நிலையத்துக்கே கொண்டுவந்துவிடுவார். காதைப் பிடித்து உரித்த விரலுறை அப்படியே உறைக்குள் இறங்கும்படி இரண்டையும் சேர்த்து வடிவமைப்பது இன்னும் நல்லது.

விலை கூடும் என்பீர்கள். கூடத்தான் செய்யும். எல்லா மாற்றங்களையும் ஒரே ஆண்டில் கேட்கவில்லை. நீளமும் நிறப்பட்டையும் முதலில் வரட்டும், மூன்று அளவுகள் அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் வரட்டும், காதும் காகித உறையும் பொறியாளர்கள் கைவைத்த பிறகு வரட்டும். ஆனால் இறுதி வடிவத்தை முடிவு செய்யுமுன், அதை மருத்துவர்களின் மேசைமேல் மட்டும் வைத்துப் பார்க்காமல், வியர்த்த கையோடும் அவசரத்தோடும் ஒருநாளில் பல வீடு ஏறி இறங்கும் பெண்களிடம் கொடுத்து, நுனியில் மஞ்சள் குழம்பைத் தடவி, கழற்றிய பிறகு வேறெங்கெல்லாம் மஞ்சள் ஒட்டியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். செலவில்லாத சோதனை, பார்த்தவுடன் முடிவு தெரியும். எங்கள் பக்கத்தில் இதற்கு உதவத் தன்னார்வலர்கள் சிலர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்; மஞ்சளும் எங்களிடம் இருக்கிறது.

மாதிரிகளை அனுப்புவதானால் சித்திரையில் அனுப்புங்கள். மார்கழிக் குளிரில் எந்த ரப்பரும் நன்றாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
தருமபுரி மாவட்டம்.