பிள்ளைகளை மலையில் நிற்க விடுங்கள்

வன்னிப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும், சுற்றுலாவைப் பொறுப்பேற்று நடத்தும் ஆசிரியர்களுக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினருக்கும் வணக்கம்.

இரண்டாம் தவணைக் கல்விச் சுற்றுலாவுக்கான பேச்சு பாடசாலைகளில் தொடங்கியிருக்கும் நேரம் இது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று எங்கே விசாரித்தாலும் பட்டியலில் திருகோணமலை இருக்கும். அந்தப் பட்டியலை வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புமுன் என் வேண்டுகோளைக் கொஞ்சம் கேளுங்கள். அங்கே கடலோரப் பாறையில் கோணேசர் கோயில் நிற்கும் கோணேசர் மலையில் பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரம் கொடுங்கள். அதையும் காலையில் கொடுங்கள்.

இப்போது என்ன நடக்கிறது? அதிகாலை நான்கு மணிக்கு பஸ் புறப்படுகிறது. ஹொரவப்பொத்தானை வழியாகப் போகும்போது கன்னியா வெந்நீரூற்று வழியிலேயே வந்துவிடுகிறது. ஆகவே முதலில் அங்கே இறங்குகிறார்கள். ஏழு கிணறுகளிலும் அள்ளி ஊற்றி, உடை மாற்றி, கொண்டுவந்த புட்டுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டு முடிக்கப் பத்து மணி தாண்டிவிடும். மலைக்குப் போகும் வழியிலுள்ள கோட்டையின் வாசலுக்கு வரும்போது நடுப்பகல். செருப்பைக் கழற்றிய பிள்ளைகள் கொதிக்கும் கல்லில் கால் வைக்க முடியாமல் நிழலுக்கு நிழல் ஓடுகிறார்கள். கும்பிட்டாயிற்று, இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவை எட்டிப் பார்த்தாயிற்று, குழுப்படம் எடுத்தாயிற்று. “நேரம் போகிறது, பஸ்ஸில் ஏறுங்கள்” என்று விசில் ஊதப்படுகிறது. பிறகு மாலைவரை நிலாவெளியில் கடற்குளிப்பு.

கடற்குளிப்பைக் குறைக்கச் சொல்லவில்லை. பிள்ளைகள் ஆசைதீரக் குளிக்கட்டும். ஆனால் எங்கள் பிள்ளைகள் உயரத்தில் நின்று உலகத்தைப் பார்க்கக் கிடைக்கும் அரிய இடம் ஒரு படமெடுப்போடு முடிந்துபோவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வன்னி சமதரை. எங்கள் பிள்ளை ஏறக்கூடிய உயரம் குளக்கட்டு. இரணைமடுவிலோ, முத்தையன்கட்டிலோ, வவுனிக்குளத்திலோ கட்டில் ஏறி நின்றால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், அதற்கப்பால் காடு. தரம் ஒன்பதிலோ பத்திலோ வரைபடம் படிப்பிக்கும்போது குடா, முனை, தீவு, குடாநாடு என்ற சொற்களைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். பரீட்சையில் எழுதியும் விடுகிறார்கள். ஆனால் மேலிருந்து பார்த்தால் நிலமும் கடலும் எப்படிக் கிடக்கும் என்பது பலருக்குத் தெரியாது. கடலிலிருந்து நூறு மீற்றருக்கு மேல் செங்குத்தாக எழுந்து நிற்கும் அந்தப் பாறையின் தலையில் பாடப்புத்தகத்தின் பாதி அத்தியாயம் விரிந்து கிடக்கிறது.

மலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கிழக்கே பார்க்கிறார்கள். அங்கே இருப்பது திறந்த வங்காள விரிகுடா. அதை முல்லைத்தீவிலும் பார்க்கலாம். உங்கள் பிள்ளைகளைக் கடலுக்கு முதுகு காட்டி மேற்கே திரும்பி நிற்கச் சொல்லுங்கள். காலை என்றால் வெயில் முதுகிலிருந்து விழும்; நகரம் முழுவதும் தெளிவாகத் தெரியும். வடமேற்கே நிலாவெளிப் பக்கமாக வளைந்து போகும் மணற்கரை. தெற்கே டச் பே என்னும் சிறு குடா. இரண்டுக்கும் பின்னால் ஒடுங்கிய நிலத்துண்டில் நெருக்கியடித்துக்கொண்டு நகரம். நகரத்துக்கு அப்பால் இன்னொரு நீர்ப்பரப்பு மின்னும். அதுதான் உட்துறைமுகம். மலையிலிருந்து அதன் ஒரு பகுதிதான் தெரியும். மிச்சத்தைப் பார்க்க நகரத்திலுள்ள உவர்மலைக் குன்றுப் பக்கம் ஏற வேண்டும், அல்லது உட்துறைமுக வீதியில் இறங்கி நடக்க வேண்டும். இரண்டும் சில நிமிடப் பஸ் பயணம்தான்.

அந்தத் துறைமுகம் ஏன் உலகம் பேசும் இயற்கைத் துறைமுகம் என்பதை எங்கள் பிள்ளைகளுக்கு விளக்க ஒரு குளம் போதும். சுற்றிவர நிற்கும் குன்றுகள்தான் கட்டு. தெற்கே கொட்டியாரக் குடாவுக்குத் திறக்கும் வாய்தான் துருசு, அதாவது மதகு. வெளியே எவ்வளவு புயலடித்தாலும் உள்ளே நீர் அடங்கிக் கிடக்கும். அந்தக் கட்டை யாரும் மண் சுமந்து கட்டவில்லை. மிகப் பழைய கடும்பாறை தானாக அப்படி நிற்கிறது. முல்லைத்தீவுக் கரையை நினைத்துப் பாருங்கள். சாலை, நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் என்று களப்புகளும் மணலும்தான். ஒதுங்க ஒரு முனை இல்லை. அதனால்தான் மீனவர்கள் படகைக் கரைமேல் இழுத்து வைக்கிறார்கள். தகப்பனோடு சேர்ந்து படகு இழுத்த பிள்ளைக்கு இந்த வேறுபாடு ஒரே பார்வையில் விளங்கும். வகுப்பறையில் நான் சுண்ணக்கட்டியால் ஒரு பாடவேளை முழுவதும் வரைந்தும் விளங்காதது அது.

ஐரோப்பியர் ஏன் இதற்காக இப்படி அடித்துக்கொண்டார்கள் என்பதும் அங்கேதான் விளங்கும். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சென்னைக் கரையில் கப்பல் நிற்க முடியாது. அக்காலத்துச் சென்னை திறந்த கடலோரம், துறைமுகமே இல்லை. வங்கக் கடலில் படை வைத்திருப்பவனுக்கு ஒதுங்க ஒரு இடம் வேண்டும், அந்த இடம் இதுதான். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தர் வந்தார்கள். 1782ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து பிடிக்கிறார்கள், ஓகஸ்ட் முடிவில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரன் ஆங்கிலேயரிடமிருந்து பிடிக்கிறார். 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்த துறைமுகத்தை அவர்கள் 1957இல்தான் இலங்கையிடம் ஒப்படைத்தார்கள். கோட்டை வாசலில் நின்று இந்த ஆண்டுகளை ஒப்பிக்க வைப்பதில் பயனில்லை. மலையுச்சியில் துறைமுகத்தைக் காட்டி, “இதற்காக” என்று சொன்னால் போதும்.

உவர்மலைப் பக்கமிருந்து அக்கரையைக் காட்டுங்கள். அங்கேதான் சீனக்குடா. அங்குள்ள பிறிமா ஆலைக்குக் கோதுமை ஏற்றிய கப்பல்கள் வருகின்றன. உங்கள் ஊர்க் கடையில் அந்தப் பெயரோடு விற்கும் மா மூட்டை இந்த வழியாகத்தான் வருகிறது என்று சொல்லிப் பாருங்கள். வீட்டில் ரொட்டி சுடும் பிள்ளைகளின் முகத்தைக் கவனியுங்கள். சற்று உள்ளே, காட்டுக்குள், உலகப் போர்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் பிரித்தானியர் கட்டத் தொடங்கிய எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது அவற்றில் ஒன்று அழிந்தது; இன்று 99 எஞ்சியிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 2022 ஜனவரியில் செய்த உடன்படிக்கையின்படி 14 தாங்கிகள் இந்தியன் ஓயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளையான லங்கா ஐ.ஓ.சி.யிடமும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், மிகுதி 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்திடமும் இருக்கின்றன. எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் எண்ணெயின் அரசியல் அந்தக் காட்டுக்குள் இருக்கிறது. உயர்தர மாணவர்களாவது இதை அறிந்து திரும்ப வேண்டும்.

பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள். விடையை உடனே சொல்லாதீர்கள். இவ்வளவு நல்ல துறைமுகம் இங்கே இருக்க, நாட்டின் பெரிய துறைமுகம் ஏன் கொழும்பில் இருக்கிறது? கொழும்பில் இயற்கை எதையும் இப்படித் தூக்கிக் கொடுக்கவில்லை. 1875இல் அலைதடுப்பு அணை கட்டத் தொடங்கியபின்தான் அங்கே பெரிய கப்பல்கள் பாதுகாப்பாக நிற்க முடிந்தது. ஆனால் மேற்கையும் கிழக்கையும் இணைக்கும் கப்பல்பாதை தீவின் தெற்கால் போகிறது. தேயிலை மலைநாட்டிலிருந்து இறங்கும் ரயில் கொழும்புக்குப் போகிறது. நல்ல இடம் என்பதை நிலம் மட்டும் தீர்மானிப்பதில்லை. இந்தக் கேள்வியை வைத்து பஸ்ஸில் திரும்பும்போது பிள்ளைகள் சண்டை பிடித்தால், உங்கள் சுற்றுலா வெற்றி.

மன்னார் ஆசிரியர்களுக்குத் தனியாக ஒன்று. தெற்கே விரிந்து கிடக்கும் கொட்டியாரக் குடாவைக் காட்டும்போது ஆங்கிலேயக் கடலோடி ரொபேர்ட் நொக்ஸின் கதையைச் சொல்லுங்கள். புயலில் பாய்மரம் முறிந்த கப்பலோடு அந்தக் குடாவுக்குள் வந்தவர், 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், 1679இல், தப்பி வடக்கே காட்டுவழி நடந்தார். ஆற்றோரமாக நடந்து அவர் போய்ச் சேர்ந்த இடம் உங்கள் அரிப்புக் கோட்டை. அந்த ஆறு உங்கள் அருவியாறு.

இனிச் சொல்லப்போவதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாமல் இந்த மடல் முழுமையாகாது. 2009 பெப்ரவரியில், இறுதிப் போரின்போது, முல்லைத்தீவுக் கரையிலுள்ள புதுமாத்தளனிலிருந்து காயப்பட்டவர்களையும் நோயாளரையும் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவின் (ஐ.சி.ஆர்.சி.) கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மீன்பிடிப் படகுகளில் கப்பல்வரை கொண்டுபோய் ஏற்றினார்கள். அந்தக் கப்பல் வந்த இடம் திருகோணமலை. ஒரு சுற்றுலாவில் உதவிக்கு வந்த தாய் ஒருவர் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: “சேர், எங்களை இறக்கிய இடம் இதில் எந்தப் பக்கம்?” அவருடைய இடது கையில், முழங்கைக்குக் கீழே, நீளமான தழும்பு ஒன்று இருந்தது. பக்கத்தில் நின்ற மகளுக்கு அந்தத் தழும்பு தெரியும். அம்மா கப்பலில் வந்தது தெரியாது. நான் துறைமுகப் பக்கத்தைக் காட்டினேன். மகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கத் தொடங்கினாள். தாய் பஸ் புறப்படும்வரை பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பொறுப்பாசிரியர் அவர்களை அவசரப்படுத்தாமல் மற்றப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். அவரைப் போன்ற ஆசிரியர்கள் நிறைய வேண்டும். எங்கள் வீடுகளில் பலருக்கு இந்தத் துறைமுகம் வெறும் காட்சி அல்ல. பெற்றோர் பேச விரும்பினால் அங்கே அவர்களுக்கு நேரம் இருக்க வேண்டும். விரும்பாவிட்டால் யாரும் கிளற வேண்டாம்.

நேரம் போதாது என்று சொல்வீர்கள். பயண ஒழுங்கை மாற்றினாலே போதும். கன்னியா திரும்பும் வழியிலும் இருக்கிறது. கடற்குளிப்புக்குப் பின் உப்புக் கழுவ அதைவிட நல்ல இடம் எது? வவுனியாவிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீற்றர்தான். நான்கு மணிக்குப் புறப்பட்டால் ஏழு மணிக்கு மலையில் நிற்கலாம். முல்லைத்தீவு, மன்னார்ப் பாடசாலைகளுக்கு அது கடினம். அவர்கள் முடிந்தால் முதல்நாள் மாலையே வந்து திருகோணமலைப் பாடசாலை ஒன்றில் தங்கட்டும்.

மலையில் ஆபத்து உண்டு என்பதை மறைக்கவில்லை. செங்குத்தான பாறை அது. கைத்தொலைபேசியில் படம் எடுக்கிறேன் என்று தடுப்பைத் தாண்டி நிற்கும் இளைஞர்களைக் கண்டு எனக்கு நெஞ்சு பதறியிருக்கிறது. இருபது பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் என்று பிரித்து, தடுப்புக்கு உள்ளேயே நிறுத்துங்கள். தேவாரப் பாடல் பெற்ற தலம் அது. பூசை நேரத்தில் உரத்துப் படிப்பிக்க வேண்டாம். முதலில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து படிப்பியுங்கள். கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களுக்குப் பிள்ளைகள் பிஸ்கற் நீட்டுவார்கள். உறையோடு சேர்த்து அவையும் தின்னும். பொலித்தீன் தின்று மான்கள் செத்த செய்திகளை நாங்கள் படித்திருக்கிறோம். சாப்பாட்டுப் பார்சல் எதுவும் பஸ்ஸைவிட்டு இறங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு தாள் வரைபடமும் பென்சிலும் இருக்கட்டும். கண்ணால் கண்டதை அதில் தாங்களே குறிக்கட்டும்: வடக்கு எது, துறைமுக வாய் எங்கே, நகரம் எந்த இடத்தில் ஒடுங்குகிறது. வாங்கித் தரும் நினைவுப் பொருளைவிட அது நீண்டநாள் நிற்கும். மார்ச்சுக்கும் ஓகஸ்டுக்கும் இடையில் போனால் இன்னொரு ஆசையையும் காட்டலாம். கொட்டியாரக் குடாவிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று ஆழத்துக்கு இறங்குகிறது. கரைக்கு இவ்வளவு அருகில் ஆழம் இருப்பதால் நீலத்திமிங்கிலங்கள் வந்துபோகின்றன. அவை நீர் பீச்சுவதை மலையிலிருந்தே கண்டவர்கள் உண்டு.

ஆகவே, அதிபர் அவர்களே, வலயத்துக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் முதலாவது இடமாக “கோணேசர் மலை, காலை 7 முதல் 9 வரை” என்றும், இரண்டாவதாக “உவர்மலை” என்றும் எழுதுங்கள். பாடசாலைகளுக்கென நான் வரைந்து வைத்திருக்கும் ஒற்றைத்தாள் வரைபடத்தைக் கேட்கும் எல்லோருக்கும் தருவேன். சுற்றுலாவுக்கு முதல்வாரம் அழைத்தால் வகுப்புக்கு வந்து பிள்ளைகளுக்கு அதைப் படிப்பிக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர்,
வவுனியா.