வியன்னாவில் ஒரு மாலை கொடுங்கள்

ஐரோப்பியச் சுற்றுலா நடத்தும் நம்மூர்ப் பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம்.

கோடை விடுமுறைப் பயணங்களுக்கு நீங்கள் முன்பணம் வாங்கத் தொடங்கியாயிற்று. எங்கள் பக்கத்து வீட்டுக் குடும்பம் பணம் கட்டிவிட்டு, ஐட்டினரியைக் கொண்டுவந்து என்னிடம் காட்டியது. வியன்னாவுக்கு ஒரு நாள். காலையில் ஷோன்புருன் அரண்மனை, மதியம் ரிங் சாலையில் கோச்சில் உட்கார்ந்தபடியே நகர் உலா, பூங்காவில் இசையமைப்பாளர் ஸ்ட்ராஸின் தங்க நிறச் சிலைக்குப் பக்கத்தில் ஃபோட்டோ ஸ்டாப், ஏழு மணிக்கு இந்தியச் சாப்பாடு, அதன்பின் ஊருக்கு வெளியே ஓட்டல். அந்தத் தாளின் தலைப்பில் 'இசை நகரம் வியன்னா' என்று போட்டிருக்கிறது. இசை கேட்பதற்கு ஒரு வரியும் இல்லை.

சில வருடங்களுக்கு முன் நானும் என் அம்மாவும் கிட்டத்தட்ட இதே நிரலில்தான் போனோம். மே மாதம். சாப்பிடப் போகும் வழியில் ஓபரா மாளிகைப் பக்கம் சிக்னலில் வண்டி நின்றது. மாளிகையின் பக்கச் சுவரை ஒட்டிப் பெரிய திரை. அதற்கு முன்னால் வரிசையாக நாற்காலிகள். சைக்கிளைப் பிடித்தபடி ஒருவர், மடியில் குழந்தையோடு ஒரு பெண், காய்கறிப் பையோடு ஒரு பாட்டி, எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அங்க என்னடி நடக்குது?" என்று அம்மா கேட்டார். எனக்குத் தெரியவில்லை. சிக்னல் விழுந்தது. அம்மா கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

உள்ளே அந்த நிமிடம் நடந்துகொண்டிருந்த ஓபராவைத்தான், அதாவது பாட்டாக நடக்கும் நாடகத்தைத்தான், வெளியே காட்டினார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஏப்ரல், மே, ஜூன், செப்டம்பர் மாதங்களில் பல மாலைகளில் இது நடக்கிறது. கட்டணம் கிடையாது. வந்து உட்கார வேண்டியதுதான்.

மகள் ஜெர்மனிக்குப் படிக்கப் போனபின் மூன்று பேருமாக மறுபடி வியன்னா போனோம். முதல் மாலையே அம்மாவை அந்தத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தோம். சால்வையைப் போர்த்திக்கொண்டு இரண்டு மணி நேரம் அசையவில்லை. "அழுறாளா பாடுறாளான்னு பிரிக்க முடியல. நல்லா பாடுறா" என்றார். மொழி தெரியாது, கதை பாதிதான் புரிந்தது.

அந்த மாளிகை 1869 மே மாதம் திறந்தது. 1945 மார்ச் 12 அன்று குண்டு விழுந்து மேடையும் அரங்கமும் எரிந்தன. போர் முடிந்தும் பத்து ஆண்டுகள் நான்கு நாட்டுப் படைகள் ஆஸ்திரியாவில் இருந்தன. அவை வெளியேறிய 1955இல்தான், நவம்பர் 5 அன்று, மாளிகை திரும்பத் திறந்தது. அன்று பாடியது பீத்தோவனின் ஃபிடேலியோ, சிறையில் அடைபட்டவனை மீட்கும் கதை. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் வெளியே தெருவில் நின்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள். அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அப்படியொரு பழக்கம் பின்னால் இருக்கிறது.

மறுநாள் நானும் மகளும் உள்ளே போனோம். நல்ல இருக்கைக்கு 200 யூரோவுக்கு மேல் கேட்கும் அதே அரங்கில் நின்று கேட்பதற்கென்றே நானூறுக்கும் அதிகமான இடங்கள் உண்டு. ஒருவருக்கு 20 யூரோகூட ஆகாது. சீட்டு வாங்கியதும் நம் இடத்துக் கம்பியில் கைக்குட்டையோ துப்பட்டாவோ கட்டிவிட்டால் போதும், அந்த இடம் நம்முடையது, வெளியே போய் வரலாம். நான் என் துப்பட்டாவைக் கட்டிவிட்டுப் படியிறங்கி அம்மாவுக்கு ஃபோன் செய்துவிட்டு வந்தேன். யாரும் தொடவில்லை. கம்பியில் சின்னத் திரை இருந்தது, பாட்டின் பொருள் ஆங்கிலத்தில் ஓடியது. எனக்குப் பக்கத்தில் நின்ற முதியவருக்கு அது தேவைப்படவில்லை. ஒவ்வொரு வரிக்கும் அவர் உதடு அசைந்தது.

சேலை கட்டிப் போகலாமா, கோட் வேண்டுமா என்று உங்களிடம் நிறையப் பேர் கேட்பார்கள். தாராளமாகப் போகலாம்.

இங்கே என் மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் முதல் பயணத்தில், கூடுதல் பணம் கட்டினால் இசை நிகழ்ச்சி உண்டு என்று வண்டியில் அறிவித்தார்கள். பாதிப் பேர் கட்டினோம். பழைய காலத்துப் பொய்முடியும் பட்டுச் சட்டையும் போட்ட சிலர், ஃபோன் ரிங்டோனில் கேட்டுப் பழகிய மெட்டுகளைத் துண்டு துண்டாக வாசித்தார்கள். ஓபரா நிற்குமிடத்தைப்போல நான்கு மடங்கு விலை. அங்கே வாசித்தவர்களை நான் குறை சொல்லவில்லை, அதுவும் அவர்கள் பிழைப்பு. ஆனால் அன்று மாலை இருநூறு அடி தள்ளி என்ன நடக்கிறது என்று எங்களிடம் யாருமே சொல்லவில்லை. விசாரித்தபோது, கமிஷன் வருவதைத்தான் விற்க முடியும் என்று எங்கள் டூர் மேனேஜர் வெளிப்படையாகவே சொன்னார். உங்கள் லாபக் கணக்கு எவ்வளவு நெருக்கடியானது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறேன்: கமிஷன் இல்லாத ஒரு வரியை அந்தத் தாளில் சேருங்கள்.

வியன்னா என்றால் அரண்மனை இசை மட்டும்தான் என்ற எண்ணமும் நமக்கு உங்கள் தாள்களிலிருந்தே வருகிறது. ரிங் சாலையில் 'டி' டிராமில் ஏறினால் நுஸ்டோர்ஃப் போகலாம். நகர எல்லைக்குள்ளேயே திராட்சைத் தோட்டம். சொந்தத் தோட்டத்து ஒயினைத் தோட்டக்காரரே விற்கும் கடைக்கு ஹாய்ரிகர் என்று பெயர். பேரரசர் இரண்டாம் ஜோசப் 1784இல் கொடுத்த அனுமதி அது. கடை திறந்திருந்தால் வாசலில் ஊசியிலைக் கொத்து தொங்கும். அங்கேதான் ஷ்ராமல் இசை வளர்ந்தது. யோஹான், யோசெஃப் ஷ்ராமல் என்ற அண்ணன் தம்பி இரண்டு வயலின். கூட ஒரு கிடார், பிறகு கீச்சென்ற சிறு கிளாரினெட். பின்னாளில் அந்தக் கிளாரினெட்டின் இடத்துக்குப் பொத்தான் வைத்த அக்கார்டியன் வந்தது. அந்தக் கிடாரைப் பக்கத்தில் பார்த்தேன். ஒரே உடம்பில் இரண்டு கழுத்து. கீழ்க் கழுத்தில் வழக்கமான ஆறு தந்தி. மேல்கழுத்தில் ஒன்பது தடித்த தந்திகள், அவற்றுக்கு அடியில் வீணையில் இருப்பதுபோன்ற மெட்டுக்கட்டைகள் கிடையாது. கட்டைவிரலால் தட்டினால் மேசைப் பலகை வரை அதிர்கிறது. அம்மா உள்ளங்கையை மேசைமேல் வைத்தார், பாட்டு முடியும்வரை எடுக்கவில்லை.

சாப்பாட்டுக் கவலை உங்களுக்கு இருக்கும். கம்பு ரொட்டி போலக் கறுத்த ரை ரொட்டி, மிளகாய்ப்பொடி நிறத்தில் லிப்டவர் என்ற பாலாடைக்கட்டிக் கலவை, குழந்தைகளுக்கும் குடிக்காதவர்களுக்கும் திராட்சைச் சாறு. உருளைக்கிழங்கு சாலட்டில் மட்டும் மாட்டு எலும்புச் சாறு சேர்ப்பதுண்டு, கேட்டுவிட்டு வாங்கச் சொல்லுங்கள்.

ஹாய்ரிகரில் பாடும் பாட்டுகள் ஒயினையும் சாவையும் ஊரையும் பற்றியவை. வியன்னாக்காரர்கள் ஒருவர் இறந்துவிட்டார் என்பதை '71இல் ஏறிவிட்டார்' என்பார்களாம். 71 என்பது மத்திய இடுகாட்டுக்குப் போகும் டிராம். பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ், ஸ்ட்ராஸ் எல்லாரும் அங்கே அடுத்தடுத்துக் கிடக்கிறார்கள். அந்த ஊர்ப் பாட்டுகளை எழுதிக் குவித்தவர்களில் ஒருவர் ஹெர்மன் லெயோபோல்டி. யூதர் என்பதால் 1938இல் அவரை நாஜிகள் டாகாவ், புஹன்வால்ட் வதைமுகாம்களில் அடைத்தார்கள். புஹன்வால்ட் கைதிகளின் பாட்டுக்கு மெட்டுப் போட்டவரும் அவர்தான். வரிகளை எழுதிய ஃபிரிட்ஸ் லோனர்-பேடா 1942இல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். லெயோபோல்டி தப்பி அமெரிக்கா போனார், போருக்குப்பின் திரும்பி வந்து அதே வியன்னாவில் பாடினார். ஒயின் கடையில் கைதட்டிக் கேட்கும் இசைக்குப் பின்னால் இதுவும் இருக்கிறது. உங்கள் வழிகாட்டிகள் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

ஷ்ராமல் சகோதரர்கள் பிறந்த பகுதி இன்றைய ஓட்டாக்ரிங் வட்டாரத்தில் இருக்கிறது. 1964இல் துருக்கியோடும் 1966இல் யூகோஸ்லாவியாவோடும் ஆஸ்திரியா செய்த வேலையாட்கள் ஒப்பந்தத்தில் வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நிறையப் பேர் அங்கே வாழ்கிறார்கள். புருன்னன் சந்தையில் கத்தரிக்காய், கொத்தமல்லி வாங்கும்போது ஒரு கடையிலிருந்து சாஸ் என்ற துருக்கித் தந்தி வாத்தியம், அடுத்த கடையிலிருந்து செர்பிய ஊதுகுழல் என்று மாறி மாறிக் காதில் விழுந்தது. ரோமா மக்களில் லோவாரா பிரிவினரின் பாட்டுகளும் இந்த ஊர்ச் சொத்துதான். அவர்கள் மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று என்பது யேக், துய், திரின். ஆயிரம் ஆண்டுக்கு முன் வட இந்தியாவிலிருந்து கிளம்பியவர்கள் சுமந்துபோன எண்கள் அவை. இந்தி தெரிந்த ஒரு பயணியிடம் சொல்லிப் பாருங்கள், நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

ஜாஸ் வேண்டுவோருக்கு 1972 முதல் நடக்கும் ஜாஸ்லாண்ட் நிலவறை இருக்கிறது. ஞாயிறு பதினொரு மணிக்கு அகுஸ்டினர் தேவாலயத்தில் பூசையோடு ஹைடன், மோட்சார்ட் இசையைப் பாடகர் குழுவும் வாத்தியக் குழுவும் முழுதாக நிகழ்த்துகின்றன. அது கச்சேரியல்ல, வழிபாடு; படம் எடுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

ஓட்டுநரின் வேலை நேரச் சட்டத்தால், காலையில் கிளம்பிய வண்டியை இரவு வெகுநேரம் வரை ஓட்ட முடியாது என்பீர்கள். உண்மைதான். வண்டி வேண்டாம். ஓபராவுக்கு அடியிலேயே கார்ல்ஸ்பிளாட்ஸ் மெட்ரோ நிலையம். நள்ளிரவு தாண்டியும் ரயில் உண்டு, வெள்ளி, சனி இரவுகளில் விடிய விடிய உண்டு. மெட்ரோ நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் ஓட்டலைப் பாருங்கள், பயணச்சீட்டை வரவேற்புக் கூடத்தில் கையில் கொடுங்கள். முடியாதவர்கள் ஓட்டலுக்குப் போகட்டும். இன்னொன்று: ஜூலை, ஆகஸ்டில் ஓபராவுக்கு விடுமுறை. நம் பள்ளி விடுமுறையான ஏப்ரல், மேயில் அங்கே பருவம் உச்சத்தில் இருக்கிறது. நாள் தேர்வில் நீங்கள் ஏற்கனவே சரியாகத்தான் இருக்கிறீர்கள்.

பக்கத்து வீட்டுக் குடும்பம் மே மூன்றாம் வாரம் வியன்னாவில் இருக்கும். அந்தப் பையன் பத்து வயது, கீபோர்டு வாசிக்கிறான். 'மாலை 7.00, இரவு உணவு' என்ற வரியை 'மாலை 5.30' என்று மாற்றிவிட்டால் ஓபரா திரைக்கு முன்னால் அவனுக்கு ஒரு நாற்காலி கிடைத்துவிடும். நாளை அவர்கள் உங்கள் அலுவலகத்துக்கு ஃபோன் செய்வார்கள். சரி என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு ஒரு முறையும் தனியாக ஒரு முறையும் வியன்னா போய்வந்த பயணி,
திருச்சி